மாடத்தியின் பிடிமண்

வாய்க்காலில் குப்பை கொட்டுகிறவர்களை ராக்கம்மாளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மட்டாஞ்சேரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் விழுந்து எழாத தெரு கிடையாது. கல்யாண வீட்டு எச்சில் இலையைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள், மீன் செதிலைப் பையில் கட்டி எறிகிறவர்கள், பிள்ளையின் டயப்பரைச் சுருட்டிப் பாலத்து மேலிருந்து வீசுகிறவர்கள், எல்லாருக்கும் அவளிடம் தனித்தனியாக வசவு உண்டு. வசவோடு விட்டால்கூடப் பரவாயில்லை. கட்டிப்போட்ட சாக்கை அவிழ்த்து, கொட்டிக் கிளறி, ஆளையே பிடித்துவிடுவாள். ஒரு கூரியர் கவர் போதும், கிழிந்த மருந்துச் சீட்டு போதும். அதைக் கொண்டுபோய் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரமேஷ்பாபுவிடம் நீட்டுவாள். மறுநாள் கொட்டியவன் வாசலில் ஜீப் நிற்கும். ராக்கம்மாள் கையில் சாக்கு கிடைத்தால் ஆள் மாட்டினான் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே. பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்னத்தை வைத்திருந்தாள் அவள்?

மழை தொடங்குமுன் வாய்க்காலைத் தூர் வாருகிற வேலை அந்த வாரம் கொச்சங்காடிக்கு வந்திருந்தது. பழைய குடோன்களுக்குப் பின்புறம் வாய்க்கால் குறுகலாக ஓடுகிற இடம். இயந்திரம் உள்ளே வராது, ஆள்தான் இறங்க வேண்டும். ராக்கம்மாளும் மீனாக்ஷியும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சிறு பாலத்துக்கு அடியில் தண்ணீர் நகராமல் கறுத்துக் கிடந்தது. கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தால் மெத்தென்று இல்லை, கல்லில் இடித்தது. சிமென்ட் சாக்குகள். ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ வீட்டை இடித்த கழிவை மூட்டை கட்டிப் பாலத்தின் வாயை அடைத்திருந்தார்கள்.

ராக்கம்மாள் ஆரம்பித்துவிட்டாள். இவன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறட்டும், இவன் கட்டில் மிதக்கட்டும் என்று தொடங்கி, கடைசியில் கொட்டியவனின் தாய்க்கு வந்தாள்.

"இவனச் சொல்லி என்ன, இவனப் பெத்தவளச் சொல்லணும். பிள்ளை வளத்த லட்சணத்தப் பாரு."

மீனாக்ஷி சிரித்தாள். ராக்கம்மாக்கா திட்டினால் வேலை வேகமாக நடக்கும் என்பது அவள் அனுபவம்.

ராக்கம்மாளின் இந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. பல வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி வாய்க்கால் அடைத்துக்கொண்டு, காலனி வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு மழையில், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில் ஆடினார்கள். இரண்டு பேருக்கும் எலிக்காய்ச்சல் கண்டது. சிறியவன் சஜி பிழைத்துக்கொண்டான். பெரியவள் மாடத்தி போய்விட்டாள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் முனியாண்டியும் பின்னால் போய்ச் சேர, அவர் பார்த்த துப்புரவு வேலை ராக்கம்மாளுக்கு வந்தது. தன் மகளைக் கொன்ற வாய்க்காலைத்தான் அவள் இத்தனை வருஷமாக அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். படம் கிடையாது, சிலை கிடையாது. அடுக்களைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தால் அதுதான் பிள்ளை. ராக்கம்மாள் மட்டும் கீழே நான்காவதாகக் கடுகளவு ஒரு பொட்டும் வைப்பாள். மாடத்திக்கு மோவாயில் மச்சம் இருந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் புதுப் பாவாடை வைத்துப் படைப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளின்மேல் மஞ்சளாகப் பூசிப் பூசி, அந்த இடம் சுவரைவிட்டுப் புடைத்தே நின்றது. வேலை முடிந்து வந்து சாயா போட்டுக் குடிக்கும்போது அன்றன்றைக்கு நடந்ததை அந்தச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் வீட்டுச் சாக்கு அவிழ்ந்திருக்கும்.

சஜிக்குக் கல்யாணமாகி அம்பிளி வந்தபிறகு வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நியாயம்தான். மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய பழைய பச்சைச் சுவர், மழைக்காலத்தில் ஊறி உதிரும். ராக்கம்மாள் தடை சொல்லவில்லை. இரண்டே காரியம் கேட்டாள். இடித்ததில் ஒரு கல்கூட வாய்க்காலில் விழக் கூடாது. அது ஒன்று. மாடத்தியை முறையாகக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். அது இரண்டு.

சுவரை இடிக்கும்போது பிள்ளையை அப்படியே உடைத்துப் போட்டுவிட முடியாது. மஞ்சள் பூசிய பாகத்தை அலுங்காமல் பெயர்த்து, அவளுடைய பாவாடையில் பொதிந்து, ஓடுகிற நல்ல தண்ணீரில் கற்பூரம் காட்டிக் கரைக்க வேண்டும். அந்த ஈரமண்ணில் ஒரு பிடி எடுத்துவந்து, மஞ்சளோடு குழைத்துப் புதுச் சுவரில் பூசினால் பிள்ளை புது வீட்டுக்கு வந்துவிட்டாள். பிடிமண் வராவிட்டால் பிள்ளையும் வரமாட்டாள். பெற்றவள் இதைச் செய்யக் கூடாது. ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்த பிள்ளையைத் தன் கையால் மறுபடி கொடுக்கக் கூடாது என்பார்கள். கூடப் பிறந்தவன்தான் செய்ய வேண்டும்.

சஜி இரண்டுக்கும் தலையாட்டினான். கும்பளங்கியில் வருஷா வருஷம் காயல் தண்ணீர் ஏறி முற்றமெல்லாம் மூழ்குவதால், மேடு தூர்க்க மண்ணும் கல்லும் கேட்டு ஆட்கள் அலைகிறார்கள், தன் கூட்டுக்காரன் சுதீரின் டிப்பரில் கழிவை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்றான். அதே வண்டியில் தானும் போய் மாடத்தியைக் காயலில் கரைத்துவிட்டு வருவதாகவும் சொன்னான். ராக்கம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தன் வீட்டு மண்ணால் இன்னொருத்தர் வீட்டில் தண்ணீர் ஏறாமல் இருக்கும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும். அந்தப் பொங்கலுக்கு எடுத்த பாவாடையை, மஞ்சள் உடம்பும் சிவப்புக் கரையும், தானே எடுத்துக் கொடுத்தாள். சஜி சுவரைப் பெயர்த்துப் பொதிவதைப் பார்க்கக் கூடாது என்று அன்று விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது பித்தளைச் சம்புடத்தில் ஈரமண் காத்திருந்தது. எப்படிப் போனாள் என் மகள் என்று கேட்டாள். சஜி சொன்னான். தண்ணீர் தெளிந்திருந்ததாம், கற்பூரம் காற்றில் அணையவே இல்லையாம். வேறொரு நாள் கேட்டபோது, கரைகிறவரைக்கும் ஒரு கொக்கு பக்கத்திலேயே நின்றிருந்ததாகச் சொன்னான். கேட்கக் கேட்க ஒரு விவரம் கூடிக்கொண்டே போயிற்று. அதை அக்காள்மேல் வைத்த பாசம் என்றுதான் ராக்கம்மாள் எடுத்துக்கொண்டாள். வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று, பளபளக்கும் டைல் சுவரில் மாடத்திக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் மஞ்சள் பூசி நான்கு பொட்டும் வைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சுவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வாய்க்கால் கரையில் சாக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. வழக்கம்போல ராக்கம்மாள் ஒன்றை இழுத்துப் போட்டு, கட்டை அறுத்து, கவிழ்த்தாள். உடைந்த ஓடு, பச்சைச் சுண்ணாம்பு ஒட்டிய காரை. பச்சை வீடு ஊரில் ஆயிரம் இருக்கும். அடுத்த சாக்கில் முதலில் துணி தெரிந்தது. சேறு ஊறி நிறம் மங்கியிருந்தது. மீனாக்ஷி கம்பியால் தூக்கி, ஏதோ சின்னப் பிள்ளையின் பாவாடை என்றாள்.

ராக்கம்மாள் அதைக் கம்பியிலிருந்து வாங்கினாள். சிவப்புக் கரை. தான் வாங்கிய பாவாடை. உள்ளே கனமாக ஏதோ இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாகப் பிளந்த ஒரு மண்கட்டி. பிளந்த இடத்தில் மஞ்சள் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கட்டியைத் திருப்பிக் கட்டைவிரலால் சேற்றை வழித்தாள். பொட்டு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. கீழே, கடுகளவு, அதுவும் வந்தது.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். என்னக்கா, கையில் ஏதும் குத்திவிட்டதா என்று மீனாக்ஷி ஓடிவந்தாள். யாரோ திருடியிருக்க வேண்டும், யாரோ வண்டியிலிருந்து எடுத்து வீசியிருக்க வேண்டும் என்று ராக்கம்மாளின் மனசு கிடந்து துழாவியது. மகனை விட்டுவிட்டு உலகத்தில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்டுப் பார்த்தது.

அந்த நப்பாசையையும் பிச்சுமணி கெடுத்தார். மிளகு குடோனில் கணக்கு எழுதுகிறவர், பாலக்காட்டுக்காரர். இவள் திட்டியதை ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கரைக்கு வந்திருந்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"எதுக்கு ராக்கம்மா இப்படிச் சீத்த பறயறே? இது உன் வீட்டு வேஸ்ட்தானே. உன் புள்ளையாண்டான் டிப்பர்லேர்ந்து எறங்கி நின்னுதானே கொட்டச் சொன்னான். எதுக்குடா இங்கேன்னு நான் ஜன்னல்லேர்ந்து கேட்டேன். அம்மாட்டச் சொல்லியாச்சு, மழைக்கு முன்னாடி அவளே வந்து அள்ளிண்டு போயிடுவாள்னான். நீ அறிஞ்சுதான் நடக்கறதுன்னு நான் ஒண்ணும் மிண்டலை."

அவளே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள். ராக்கம்மாள் கட்டியைப் பாவாடைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டாள். ஊரார் குப்பையை அள்ளியபோதெல்லாம் வராத அருவருப்பு, சொந்த மகன் தன் கையை நம்பிக் கொட்டிவிட்டுப் போன அந்தக் குப்பையின் முன்னால் அவளுக்கு வந்தது. சற்று முன்னால் இவனைப் பெற்றவளைப் பற்றித் தான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

ரமேஷ்பாபு வந்தபோது சாக்குகள் வரிசையாகக் கிடந்தன. ஆள் கிடைத்ததா என்று சிரித்தபடி கேட்டார். ராக்கம்மாள் எழுந்து நின்றாள்.

"கெடைச்சது சாரே. என் வீட்டுதுதான். என் மகன் சஜி கொட்டுனது. பேர எழுதிக்கோங்க."

ரமேஷ்பாபுவின் சிரிப்பு நின்றது. நல்ல மனிதர் அவர். யாரும் பார்க்கவில்லை, சாக்கை வண்டியில் ஏற்றிவிடலாம், நமக்குள் இருக்கட்டும் என்று மலையாளத்தில் தணிந்த குரலில் சொன்னார். இத்தனை பேர் வாசலில் ஜீப்பை நிறுத்தியவள் நான், என் வாசலில் நிற்காவிட்டால் நாளைக்கு எந்தச் சாக்கைத் தொடுவேன் என்று ராக்கம்மாள் கேட்டாள். அவர் சஜியின் பேரை எழுதிக்கொண்டார். அவள் மண்கட்டியைப் பாவாடையில் சுற்றி, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, மீனாக்ஷியிடம்கூடச் சொல்லாமல் நடந்தாள்.

சஜிக்கு வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடையில் வேலை. அன்று மதியத்துக்கு மேல்தான் போக வேண்டும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்பிளி கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பூட்ஸும் சேறுமாக அடுக்களை வரைக்கும் வந்து நின்ற மாமியாரைப் பார்த்து, என்ன அத்தை என்றவள், மடியில் தெரிந்த சிவப்புக் கரையைப் பார்த்ததும் கரண்டியோடு தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, இவளுக்கும் தெரியும். மஞ்சள் பூசி விளக்கேற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கைகூப்பியவள்தான் இவள்.

ஊருக்கெல்லாம் அத்தனை வசவு வைத்திருந்தவளுக்கு மகனுக்கென்று ஒன்றும் வாயில் வரவில்லை.

"கொக்கு நின்னுச்சுன்னியேடா."

சஜி தட்டைத் தள்ளிவைத்தான். முதலில் டிப்பர்காரன்மேல் போட்டான். அப்புறம் கும்பளங்கிக்காரன்மேல் போட்டான். பிளாஸ்டிக்கும் ஓடும் கலந்த கழிவு வேண்டாம், மண் மட்டும்தான் வேண்டும் என்று அந்த ஆள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான். சுதீருக்கு அடுத்த ஓட்டம், தனக்கு வேலைக்கு நேரம். வேறு வழி தெரியவில்லை. கொச்சங்காடி என்றால் அம்மாவின் பகுதி, பெரிய பிரச்சனை வராது என்று தோன்றியது. இவ்வளவையும் சொல்லும்போது அவன் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கும்பளங்கிக் காயல் வரைக்கும் போயிருக்கிறாய், வண்டியை விட்டு இறங்கி அவளைக் கரைத்துவிட்டு வர உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ராக்கம்மாள் கேட்டாள்.

"மறந்துபோச்சும்மா. சத்தியமா மறந்துபோச்சு. வாய்க்கால்ல கொட்டுனதுக்கு அப்புறம்தான் ஓர்மை வந்துச்சு. எறங்கி எடுக்கலாம்னுதான் பாத்தேன். உடையாம இருக்கட்டும்னு ஒரு சாக்குக்குள்ள வச்சிருந்தேன், அது எந்தச் சாக்குன்னு தெரியல. உங்கிட்ட எப்படிச் சொல்ல? நீ தாங்க மாட்டேன்னு பயந்துதான்..."

"சம்புடத்துல கொண்டாந்த மண்ணு?"

அம்பிளிதான் மெதுவாகச் சொன்னாள், வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் அழகுக்கு வைத்திருக்கிற பூச்செடித் தொட்டியில் எடுத்தது என்று.

ராக்கம்மாள் டைல் சுவரைப் பார்த்தாள். இத்தனை நாளாகப் பஸ் ஸ்டாண்டுத் தொட்டி மண்ணுக்கு விளக்கேற்றி, இன்றைக்குக் கால் வலிக்கிறது மாடத்தி, இன்றைக்கு மழை வரும்போல் இருக்கிறது மாடத்தி என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நேரமெல்லாம் பிள்ளை, தன்னைக் கொன்ற அதே சாக்கடைத் தண்ணீரில், பாலத்துக்கு அடியில், கட்டிய சாக்குக்குள் கிடந்திருக்கிறாள். தானும் அந்தப் பாலத்தின்மேல் தினமும் நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மறந்ததைக்கூட மன்னித்துவிடலாம். கொக்கை எப்படி மன்னிப்பது?

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து, சுவரிலிருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். டைல் என்பதால் சுலபமாகப் போய்விட்டது. பிறகு குளித்து, சேலை மாற்றி, மண்கட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு கற்பூரத்தை எடுத்தாள். சஜி வாசலை மறித்தான். கண் கலங்கியிருந்தது.

"பெத்தவ போகக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே. தா, நான் இப்பவே கொண்டுபோறேன். இந்தத் தடவ சத்தியமாக் கொண்டுபோறேன்."

"நீதான் அன்னைக்கே போயிட்டு வந்துட்டியே."

அவன் விலகிக்கொண்டான்.

பஸ்ஸில் ஏறிக் கும்பளங்கியில் இறங்கினாள். காயல் ஓரத்தில் மீன் பிடிக்கிற சீனவலை ஒன்று தூக்கி நின்றது. வலைக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார். ராக்கம்மாள் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்க் கற்பூரம் காட்டினாள். காற்று அடித்தது, இரண்டு தடவை அணைந்தது. கொக்கு ஒன்றையும் காணோம். கட்டியைத் தண்ணீருக்குள் வைத்து இரண்டு கையாலும் பிசைந்தாள். வருஷக்கணக்கான மஞ்சள் சீக்கிரம் கரையவில்லை. கரைந்தபோது அவளைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாகிப் பின் தெளிந்தது.

திரும்பிப் பார்த்தால் கரையில் சஜி நின்றிருந்தான். ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்திருக்கிறான். கையில் அந்தப் பித்தளைச் சம்புடம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மூடியைத் திறந்து, பிடிமண் வாங்கிக்கொள்ள இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தான்.

ராக்கம்மாள் தண்ணீருக்குள் குனிந்தாள். உள்ளங்கையில் மிச்சம் ஒட்டியிருந்த ஈரமண்ணை அலசினாள். நகக்கண்ணில் இருந்ததையும் ஒவ்வொரு விரலாக எடுத்துக் காயலிலேயே விட்டாள். கரையேறி அவனைத் தாண்டும்போது கை இரண்டையும் விரித்துக் காட்டினாள். ஒரு துகள்கூட இல்லை. அப்படியே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துபோனாள்.